கோடும் கூலியும்: வியாசர்பாடியிலிருந்து ஒரு கார்ட்டூனிஸ்ட்டின் தொழில் பாதை

கார்ட்டூன் வரைந்து பிழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பத்திரிகையை மனதில் வைத்தே கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் கார்ட்டூனிஸ்ட்டை வைத்திருக்கும் தமிழ்ப் பத்திரிகைகள் மிகக் குறைவு. ஆனால் கார்ட்டூன் பழகிய கைக்கு வேறு இடங்களில் வேலை இருக்கிறது. கல்யாண ரிசப்ஷனில் வந்தவர்களை உட்காரவைத்து வரைவது, கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு மாப்பிள்ளை பெண் படம், தொண்டு நிறுவனங்களின் விளக்கப் படக்கதை, கடைக்கு ஒரு சின்னம், பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு எனப் பல. ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்கு கட்டு என்ற சிறுவனை வரைந்து கொடுத்தார். கோபுலு விகடனில் பேர் எடுத்த பிறகு விளம்பரத் துறையிலும் நெடுங்காலம் வேலை செய்தார். பல இடத்தில் வேலை பார்ப்பது இந்தத் தொழிலில் யாருக்கும் கௌரவக் குறைவாக இருந்ததில்லை.

இந்த ஆய்வில் வரும் ஓவியர் குறிப்பிட்ட ஒரு நபர் அல்லர். வடசென்னையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் வழக்கமாகக் கடக்கும் கட்டங்களையும் முட்டிக்கொள்ளும் இடங்களையும் ஒரே ஆளின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். ரூபாய்த் தொகைகள் கணக்கு விளங்குவதற்கான மாதிரிகள். தொகை ஆளுக்கு ஆள் மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

தொடக்க நிலை

வயது 23. வீடு வியாசர்பாடி. பாரிமுனைப் பக்கம் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை லேஅவுட் வேலை. அப்பா சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதியவர். பிளக்ஸ் வந்தபின் அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போய், இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். அவரிடமிருந்து மகனுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, கோட்டை நடுங்காமல் ஒரே இழுப்பில் இழுப்பது. இன்னொன்று, எழுத்தை இடம் பார்த்து உட்காரவைப்பது. கார்ட்டூனுக்கு இரண்டுமே பெரிய பலம்.

பலவீனமும் தெளிவாகத் தெரிந்தது. அவர் வரைந்து வைத்திருந்த முகங்கள் எல்லாம் போட்டோவைப் பார்த்துப் பென்சில் நிழலோடு நகல் எடுத்தவை. மூட்டை தூக்குகிற ஆளை மனதிலிருந்து வரையச் சொன்னால் கை நின்றுவிடும். கார்ட்டூன் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் இதே நிலையில்தான் வருகிறார்கள். தோலின் பளபளப்பு வரை வரையத் தெரியும், உடம்பு எப்படிச் சாய்கிறது என்று தெரியாது.

ஈ.வெ.ரா. பெரியார் சாலையில், 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. வீட்டில் இவருடைய சம்பளத்தை நம்பி இருந்ததால் போகவில்லை. பிளஸ் டூ முடித்தவுடன் போக வழி இருப்பவர்கள் கட்டாயம் முயல வேண்டும். ஆளை எதிரில் உட்காரவைத்து மணிக்கணக்கில் வரையும் பயிற்சி வெளியே காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹயர் இரண்டையும் முடித்து வைத்திருந்தால் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைப் பக்கமும் ஒரு கதவு திறந்திருக்கும்.

ரயிலும் மீன் ஏலமும்

முதல் மூன்று மாதம் முகம் வரைவது கிடையாது. 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 ஜெராக்ஸ் தாள் 500 கொண்ட ஒரு கட்டு, இரண்டு நீலப் பால்பாயின்ட் பேனா. ரப்பர் கூடாது. ரப்பர் இருந்தால் கை ஒரே கோட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும், கண் ஆளைப் பார்ப்பதை விட்டுவிடும்.

இடத்துக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம் என்று ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து வரும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு ஆள், அவ்வளவுதான் நேரம். வண்டி நின்றால் பேனாவை எடுத்துவிட வேண்டும். முதலில் தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே கோடு. பிறகு தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் என இரண்டு குறுக்குக் கோடு. கம்பியைப் பிடித்து நிற்பவருக்குத் தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சாயும். இதை விட்டால் ஆள் மரக்கட்டையாகிவிடும். கை, கால், பை, செல்போன் எல்லாம் அதற்குப் பிறகு. கண்ணிலிருந்து தொடங்குபவர்களுக்குத் தாளில் கால் வைக்க இடம் இருக்காது. இது எல்லோருக்கும் முதல் வாரத்தில் நடக்கும். யாராவது முகம் சுளித்தால் நோட்டை மூடிவிடுவதுதான் மரியாதை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இன்னும் நல்ல பள்ளிக்கூடம். கூடை தூக்குவது, ஐஸ் உடைப்பது, ஏலத்தில் கை நீட்டிக் கத்துவது, வலையை இழுப்பது என்று அங்கே ஒவ்வொருவரும் முழு உடம்பால் வேலை செய்கிறார்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், முதல் கூடையில் விட்டதை மூன்றாவது கூடையில் பிடித்துவிடலாம். வழியை மறிக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். அங்கே நேரம்தான் காசு.

நான்காவது மாதத்திலிருந்து முகம். நாலு வகைப் புருவத்தை இடப்பக்கமும் ஆறு வகை வாயை மேலேயும் போட்டுக் கட்டம் கட்டினால் 24 முகம் வரும். கண்ணை மாற்றாமல் இரண்டு புள்ளியாகவே வைத்து இந்த 24-ஐயும் வரைந்து பார்த்தால், உணர்ச்சி எவ்வளவு தூரம் புருவத்திலும் வாயிலும் இருக்கிறது என்று கைக்கே புரியும். விகடனில் வரைந்த மாலி, கோபுலு, மதன் படங்களைப் பார்க்கும்போது பாணியைக் காப்பியடிப்பதில் பயன் இல்லை. கறுப்பு எங்கே வைத்தார்கள், எதை வரையாமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைப் பட்டர் பேப்பர் வைத்து, கறுப்புப் பகுதிகளை மட்டும் நிரப்பி எடுத்தாலே படத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

கூடவே தினமும் காலையில் ஒரு செய்தியை எடுத்துப் பத்து யோசனை எழுதுவது. வரைய வேண்டியதில்லை, ஒரு வரி போதும். முதல் மூன்றை அடித்துவிட வேண்டும், அவை ஊரில் எல்லோருக்கும் வரும். ஐந்துக்குப் பிறகு வறண்டு போவதுபோல் இருக்கும். நல்லது பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வருகிறது.

நாலு சென்டிமீட்டரில் அடைத்துப்போன கோடு

பத்தாவது மாதம் ஒரு நாளிதழுக்குப் பாக்கெட் கார்ட்டூன், அதாவது ஒரு பத்தி அகலத்தில் வரும் சின்ன கார்ட்டூன், அனுப்பத் தொடங்கினார். யோசனை நன்றாக இருக்கிறது என்றார்கள். அச்சில் வந்ததைப் பார்த்தால் டீக்கடைக்காரர் முகம் மொத்தமாகக் கறுத்துப்போய், பெஞ்சு எங்கே, ஆள் எங்கே என்று தெரியவில்லை. அடுத்து அனுப்பியதை அவர்கள் எடுக்கவில்லை.

காரணம் எளிது. செய்தித்தாளின் ஒரு பத்தி (சிங்கிள் காலம்) என்பது ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். இவர் ஏ4 தாள் முழுக்க, கிட்டத்தட்ட 20 செ.மீ. அகலத்தில், 0.1 மி.மீ. பேனாவால் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்டு நிழல் கொடுத்திருந்தார். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த வெள்ளை முடி அளவுக்குக் குறைந்துவிடும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மை கொண்டது. அந்த வெள்ளை அடைத்துப்போனது. தனியாக நின்ற மெல்லிய கோடுகளோ அச்சில் அங்கங்கே அறுந்துபோயின.

சரிசெய்த விதம் இது. அச்சில் வரும் அளவைப் போல இரண்டு மடங்கில் மட்டும் வரைவது, அதாவது 4 செ.மீ.க்கு 8 செ.மீ. முக்கிய வெளிக்கோடு 0.8, உள் விவரம் 0.5. அதற்குக் கீழே பேனாவே எடுப்பதில்லை. குறுக்குக்கோட்டு நிழலுக்குப் பதில் ஒரே ஒரு கறுப்புத் திட்டு. தலைமுடியோ, கதவின் உள்ளிருட்டோ, லுங்கியோ, எது ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுமோ அது. வரைந்து முடித்ததும் ஜெராக்ஸ் கடையில் 50 சதவீதத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது. யார் யாரிடம் பேசுகிறார், யாருக்குக் கோபம் என்று அந்தத் தூரத்தில் தெரிந்தால் அனுப்பலாம். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படுவது பழக்கமாகிவிட்டால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும்.

தமிழ் வசனத்துக்கு இடம் முதலிலேயே ஒதுக்க வேண்டும். நம் சொற்கள் நீளம். “சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்” என்று எழுதினால் பலூனின் ஒரு வரி அதற்கே போய்விடும், “சொல்லிட்டிருக்காங்க” என்றால் இடம் மிச்சம். பாக்கெட் கார்ட்டூனில் 12 சொல்லுக்கு மேல் போனால் படம் சுருங்கும், எழுத்தும் சுருங்கும். முதலில் எழுத்து, பிறகு பலூன், அதற்குப் பிறகு ஆள் என்பதே வரிசை. இங்கே அப்பாவின் பலகை எழுத்துப் பழக்கம் நேரடியாகக் கைகொடுத்தது. கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவர்கள் போட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், படிக்கச் சகிக்காது.

நிப்பும் மையும் பயன்படுத்துபவர்களுக்கு வடசென்னையின் கடல் காற்று ஒரு தனித் தொல்லை. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு, கோட்டின் ஓரத்தில் மை பூக்கும். தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வைத்து, வரையும் நேரத்தில் மட்டும் எடுத்தால் பிரச்சினை பெருமளவு குறையும். நிப்பை ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காயவைக்காவிட்டால் துருப்பிடிக்கும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துணியில் கொஞ்சம் பற்பசை தொட்டுத் துடைத்துக் கழுவாவிட்டால் மை ஒட்டாமல் உருண்டு சொட்டாக விழும். வாட்டர்புரூஃப் டிராயிங் மையை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றவே கூடாது, உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனா தேறாது.

அனுப்பும் கோப்பு விஷயம் சுருக்கமானது. கோட்டுப் படம் என்றால் 600 டிபிஐ ஸ்கேன், கறுப்பு வெள்ளை மட்டும். கலர் என்றால் அச்சளவில் 300 டிபிஐ, அதாவது ஏ4-க்கு 2480 × 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். பேனா டேப்லெட் இந்தக் கட்டத்துக்குப் பிறகு வாங்கினால் போதும். திரையில்லாத சின்ன டேப்லெட்டும் இலவசமாகக் கிடைக்கும் கிருட்டா மென்பொருளும் தொழிலுக்குத் தாராளம். கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில் என்று முதலில் சில வாரம் கோடு தடுமாறும், பிறகு பழகிவிடும்.

ரிசப்ஷன் மேசை

வருமானத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வந்தது. எதிரில் உட்காருபவரை மூன்று நிமிடத்தில் வரைந்து கையில் கொடுப்பது. ஒரு முகத்துக்கு 3 நிமிடம் வரைய, 1 நிமிடம் அவர் வந்து உட்கார்ந்து எழ. கணக்குப்படி மணிக்கு 15. நடைமுறையில் 12 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 3 மணி நேரத்துக்கு 36 முகம். தம்பதியாக உட்கார்ந்தால் அது இரண்டு முகம். இதைப் பேசும்போதே சொல்லி, டோக்கன் 36 மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பது முதல் மண்டபத்திலேயே தெரிந்தது. எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்துக் கூட்டம் மொத்தமாக வந்து நின்றது.

“தம்பி, பொண்ணோட பெரியப்பா வெயிட் பண்றாரு, அவருக்கு முதல்ல போட்டுருங்க.”

“சார், வரிசையில குழந்தைங்க நிக்குறாங்க, அவங்களுக்கு அடுத்து போட்டுடறேன்.”

“இன்னா தம்பி, அவருதான் ஹாலுக்கே பணம் கட்டினவரு!”

இதற்குச் சரியான பதில் எதுவும் கிடையாது. ஏற்பாடுதான் பதில். அடுத்த மண்டபத்திலிருந்து டோக்கன் கொடுக்கவும் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைக்கவும் ஒரு உதவியாள் வந்தார். 36-ல் 6 டோக்கனை வீட்டார் கையில் முன்பே கொடுத்துவிடுவது என்று வைத்தார்கள். பெரியப்பாக்கள் அந்த ஆறுக்குள் வந்துவிடுவார்கள்.

மேசை போடும் இடம் முக்கியம். வாசலில் போட்டால் வரிசை வழியை அடைக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் போட்டால் எதிரில் இருப்பவரிடம் பேச முடியாது. பேசினால்தான் முகம் இளகும், இளகிய முகத்தில்தான் ஜாடை கிடைக்கும். மேடையின் கலர் எல்இடி முகத்தில் விழுந்தால் நிழல் எல்லாம் பொய்யாகத் தெரியும். கிளிப் போட்ட ஒரு வெள்ளை விளக்கு கொண்டுபோய், வரைபவரின் இடத்தோளுக்கு மேலாக வைத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்காரவே கூடாது.

அட்டையைப் பாரிமுனைப் பக்கம் காகிதக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவில் முழுத் தாளாக வாங்கி ஏ4 அளவுக்கு வெட்டச் சொல்லலாம். ஆர்ட் கார்டு பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கினால், மார்க்கர் மை சீக்கிரம் காயாது, பட்டுப்புடவையில் அப்பிவிடும். 250 ஜிஎஸ்எம் அளவில் பூச்சில்லாத அட்டை போதும். 36 டோக்கனுக்கு 45 அட்டை, தடித்த மார்க்கர் 3, மெல்லியது 3. வலது உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள், வியர்வை பட்டால் கோடு இழுபடும்.

வரையும் வரிசை இப்படி. முதல் 20 வினாடி பேனாவே எடுக்காமல் பார்ப்பது. தலை என்ன வடிவம், நீளமா, மேலே அகலமா, தாடையில் அகலமா? அடுத்து இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் சேர்ந்த முக்கோணம் குறுகலா, விரிந்ததா? ஜாடை இந்த இரண்டில்தான் பெரும்பாலும் இருக்கிறது. சராசரி முகத்திலிருந்து எது விலகி இருக்கிறதோ அதை இன்னும் கொஞ்சம் அதே திசையில் தள்ளினால் கேலிச்சித்திரம். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் யாருடைய முகமும் இல்லை. கோடு போடும்போது தலை வெளிக்கோடு, கண், மூக்கு, வாய், தாடை, பிறகு முடியை ஒரே கறுப்புத் திட்டாக, கடைசியில் கழுத்தும் சட்டைக் காலரும் இரண்டு கோட்டில். குழந்தைகள் நிலையாக உட்காராது. அதனால் முடியையும் தலை வடிவத்தையும் முதலில் பிடித்துவிட வேண்டும்.

அரசியல்வாதிக்கும் விருந்தாளிக்கும் ஒரே கத்தியைப் பயன்படுத்தக் கூடாது. வழுக்கையை மறைத்து வாரியிருப்பவரின் வழுக்கை, கையால் வாயை மூடிச் சிரிப்பவரின் பல், இவற்றைத் தொடாமல் வேறொன்றைப் பெரிதாக்கலாம். மூக்குக்கண்ணாடி, புருவம், சிரிப்பு, ஜிமிக்கி என்று ஒவ்வொரு முகத்திலும் அவர்களே விரும்பும் ஒன்று இருக்கும். நிறத்தை வெளுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள், கொடுக்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படமாகவே கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. கலர் என்று வந்தால் உள்ள நிறம்தான்.

கணக்கு: 3 மணி நேரத்துக்கு ₹6,000 பேசினால் அட்டை, மார்க்கர் ₹500, ஆட்டோ ₹600, உதவியாளுக்கு ₹800 போகக் கையில் ₹4,100. இவென்ட்காரர் மூலம் வந்தால் அவர் பங்கை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிப் பணம் தேதி பதியும்போது, மீதி மேசையை மடிக்கும் முன். மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிறகு பாக்கி வாங்குவது பெரும்பாடு.

போட்டோ பார்த்து வரையும் ஆர்டர்

வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் எல்லோரும் முதலில் இதற்கே வருகிறார்கள். இங்கே வரும் பெரிய கோளாறு செல்ஃபி. கை நீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது உள்ளடங்கியும் விழும். அதை நம்பி மூக்கைப் பெரிதாக்கினால் லென்ஸின் கோளாறைத்தான் வரைகிறோம், ஆளை வரையவில்லை. “இது அவர் மாதிரியே இல்லையே” என்று திரும்பி வரும் ஆர்டர்களில் பல இந்த வகை. பின்பக்கக் கேமராவில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஃபில்டர் இல்லாமல், நேராக ஒன்று, முக்கால் பக்கமாக ஒன்று, சிரிக்கும்போது ஒன்று என மூன்று படம் வாங்கிய பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். ரஃப் நிலையில் இரண்டு திருத்தம் இலவசம், இங்கிங் (மையால் இறுதிக் கோடு இழுப்பது) முடிந்தபின் தனிக் கட்டணம். பார்வைக்கு 1000 பிக்சல் அளவில் குறியிட்ட படம், மீதி வந்தபின் முழுக் கோப்பு.

போட்டோவைக் கொடுத்தால் நொடியில் கார்ட்டூனாக மாற்றித் தரும் ஏஐ கருவிகள் 2025-ல் எல்லோர் கையிலும் வந்துவிட்டன. இந்த வகை ஆர்டர்தான் முதலில் அடிவாங்குகிறது, இனி இதை மட்டும் நம்பக் கூடாது. எதிரில் உட்காரவைத்து வரைவதையும், உள்ளூர் விவரம் தெரிந்து செய்யும் விளக்கப் படத்தையும் அது அவ்வளவு சுலபமாகத் தொடவில்லை.

எண்ணூர்ப் படக்கதை

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் ஒரு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். வாயு கசிந்தால் என்ன செய்வது என்பதை எட்டுப் பக்கப் படக்கதையாக வரைந்து தரும் வேலை, ஓவியருக்கு மற்ற எல்லா வேலையையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது. ஏ5 அளவு, நடுவில் பின் அடிக்கும் புத்தகம். அதனால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஒன்பதாவது பக்கம் வேண்டும் என்றால் பன்னிரண்டாகத்தான் போகும். இது தெரியாமல் விலை பேசினால் நட்டம்.

முதல் ரஃப்பில் மக்கள் ஆலைக்கு முதுகைக் காட்டி நேராக ஓடினார்கள். பார்க்க வேகமாக, நன்றாக இருந்தது. செய்தி தவறு. காற்று ஆலையிலிருந்து ஊருக்குள் அடித்தால், அதே திசையில் ஓடுபவர் வாயுவோடு சேர்ந்தே ஓடுகிறார். காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இரண்டாவது ரஃப்பில் அம்புக்குறி போட்டுக் காற்றைக் காட்டினார். அதை ஊரில் காட்டியபோது ஒரு அக்கா கேட்ட கேள்வி: “ராத்திரி பன்னெண்டு மணிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எப்படிப்பா தெரியும்? அம்புக்குறியா பறக்கும்?”

மூன்றாவது ரஃப்பில் அம்புக்குறி போனது, வாசல் கொடியில் காயும் துணி வந்தது. லுங்கியும் பாவாடையும் எந்தப் பக்கம் படபடக்கிறதோ அந்தப் பக்கம் போகாதே. பக்கம் முழுக்க அந்தக் கொடி ஒரே திசையில் ஆட, ஆட்கள் அதற்குக் குறுக்காகப் போகிறார்கள். மூக்கையும் வாயையும் மூடும் துணியைப் பாட்டில் தண்ணீரில் நனைப்பதற்கு ஒரு முழுப் பேனல் (படக் கட்டம்), எரியும் கண்ணில் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கு இன்னொன்று. வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்டி, “இதுல என்னா பண்ணச் சொல்றாங்க?” என்று கேட்பதுதான் சோதனை. பதில் சரியாக வரும்வரை இங்கிங் கிடையாது. இந்த வேலைக்குப் பக்கத்துக்குப் பக்கம் விலை பேசினாலும், ரஃப் சோதனைக்கான அலைச்சலைத் தனி வரியாகப் போட வேண்டும்.

வடசென்னை ஆளை வரையச் சொன்னால் கத்தியும் கழுத்துத் துண்டும் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆர்டரை மறுக்கலாம், மறுக்க வேண்டும். கேரம் ஆடுகிறவர், ஃபுட்பால் கோச், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், டியூஷன் அக்கா என்று வரைவதற்கு இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எழுத்தில் வாங்காத உரிமை

ஒரு கடைக்கு, திறப்பு விழா அழைப்பிதழுக்காக என்று சொல்லி, முதலாளியின் கேலிச்சித்திரம் வரைந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் அது பிளக்ஸ், கவர், சட்டை எல்லாவற்றிலும் இருந்தது. கூடுதல் பணம் கேட்டபோது, “நாங்க காசு குடுத்து வாங்கினதுதானே” என்றார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக வரையும் உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. கடைக்காரர் சொன்னது சரி, சட்டம் அவர் பக்கம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் நாலு வரி எழுத்தில் போகிறது. எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு காலம், எந்த இடத்தில், மற்ற உரிமை யாருக்கு. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது முக்கியம். உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் 19-வது பிரிவின்படி செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் அதே பிரிவு எடுத்துக்கொள்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும் வரைந்தவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-வது பிரிவில் இருக்கிறது.

அரசியல் கார்ட்டூன் வரைபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அட்டைப்பட நகைச்சுவைக்காக 1987-ல் விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது, பின்னால் உயர் நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. இணையத்தில் எழுதியவர்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அவதூறு வழக்கு இன்னும் இருக்கிறது. செய்தியின் தேதியும் ஆதாரமும் ரஃப்பின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பது பாதுகாப்பு. செயலை அடிக்க வேண்டும். சாதியையும் உடல் குறையையும் தொடக் கூடாது.

ஒரு மாதத்தின் கணக்கு

முகூர்த்த மாதம் ஒன்றில் மாதிரியாக: ரிசப்ஷன் 3, ஒவ்வொன்றிலும் கையில் நின்றது ₹4,100, ஆக ₹12,300. போட்டோ ஆர்டர் 8, தலா ₹700, ₹5,600. படக்கதைத் தவணை ₹4,800. பாக்கெட் கார்ட்டூன் 4, தலா ₹500, ₹2,000. சனி, ஞாயிறு வகுப்பில் 10 பிள்ளைகள், தலா ₹400, ₹4,000. மொத்தம் ₹28,700.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ரிசப்ஷன் வருமானம் அப்படியே விழுந்து மொத்தம் ₹16,400 ஆகிவிடும். இதை முதல் வருடமே எதிர்பார்க்காதவர்கள் அந்த மாதத்தில் மனம் உடைந்து தொழிலை விடுகிறார்கள். ஓவியர் டிடிபி வேலையை முழுதாக விடவில்லை. அரைநேரமாக்கிக்கொண்டு, ஆறு மாத வீட்டுச் செலவு சேரும்வரை இருந்தார். நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் வரியைப் பான் எண்ணில் சரிபார்த்துக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டியதற்கு மேல் பிடித்தது திரும்பக் கிடைக்கும். சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு ₹20 லட்சம் தாண்டும்வரை பொதுவாகத் தேவையில்லை. வீட்டில் இடமோ கரன்டோ சரியில்லாத நாளில் கொளத்தூரில் உள்ள ‘முதல்வர் படைப்பகம்’ என்ற பொதுப் பணியிடத்தில் குறைந்த கட்டணத்துக்கு மேசையும் இன்டர்நெட்டும் கிடைக்கிறது.

மூன்றாவது வருடத்திலிருந்து ஆடி மாதத்துக்கு வேறு வேலை வைத்தார். தீபாவளி மலர்களுக்கான படங்களை இரண்டு மூன்று மாதம் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். மண்டபங்கள் காலியாகக் கிடக்கும் அந்த நாலு வாரத்தில் ஒவ்வொரு மலருக்கும் மூன்று ரஃப் வரைந்து, 50 சதவீதம் சுருக்கிய ஜெராக்ஸையும் சேர்த்து ஆசிரியர்களுக்கு அனுப்புகிறார். கீழே ஒரு வரி இருக்கும்: ஒரு முறை அச்சிட மட்டும், மறு அச்சுக்குத் தனிக் கட்டணம்.